தேடுபெட்டிக்குச் சிக்காத சம்பா

தஞ்சாவூரில் ஓர் அரிசிக் கடைக்குப் போய் ‘அரிசி வேணும்’ என்று மட்டும் சொன்னால் யாரும் எடைபோட்டுத் தந்துவிட மாட்டார்கள். பச்சரிசியா புழுங்கலா, பழசா புதுசா, சாப்பாட்டுக்கா இட்லிக்கா, சன்னமா மோட்டாவா, எத்தனை கிலோ சிப்பம் என்று வரிசையாகக் கேள்வி வரும். வாங்குகிறவர் பதில் சொல்லச் சொல்ல, கடையில் அடுக்கியிருக்கும் மூட்டைகளில் பெரும்பாலானவை கணக்கிலிருந்து விலகி, இரண்டோ மூன்றோ மிஞ்சும். இணையக் கடையில் இந்த வேலையைச் செய்வது திரையின் ஓரத்தில் இருக்கும் ஃபில்டர் பட்டை. ஆனால் அது கேட்கும் கேள்விகள் வேறு. எந்த பிராண்டு, என்ன விலை, எத்தனை கிலோ, எத்தனை நட்சத்திரம், நாளைக்கே வந்து சேர வேண்டுமா? சோப்புக்கும் சார்ஜருக்கும் பொருந்துகிற இந்தக் கேள்விகளால் ஓர் அரிசியை இன்னோர் அரிசியிலிருந்து பிரிக்க முடிவதில்லை. காவிரி டெல்டாவின் நெல்லை இணையத்தில் விற்பது பற்றிப் பேசும்போதெல்லாம் புதிய செயலி, புதிய வலைத்தளம், கூரியர் கட்டணம், பயிற்சி முகாம் என்றே பேச்சு போகிறது. கடைகளுக்குக் குறைவே இல்லை. அரிசியை விவரிக்கப் பொதுவான கட்டங்கள் இல்லை. அந்தக் கட்டங்களை வைத்து யார் வேண்டுமானாலும் தேடிக் கேட்கும் திறந்த வழியும் இல்லை. அரசு செய்து தர வேண்டியது அதைத்தான், இன்னொரு கடையை அல்ல என்பது என் கருத்து.

இணையக் கடையின் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் இது விளங்கும். நாம் பார்ப்பது முகப்பு. சரக்குப் பட்டியல் வேறெங்கோ ஒரு தரவுத்தளத்தில் இருக்கிறது. முகப்பிலிருந்து கேள்வியைக் கொண்டுபோய்ப் பதிலைக் கொண்டுவரும் ஏற்பாட்டுக்குப் பெயர் ஏபிஐ. ‘மாப்பிள்ளைச் சம்பா, புழுங்கல், தீட்டாதது, கடந்த இரண்டு மாதத்தில் அரைத்தது, விலை குறைந்தது முதலில்’ என்று கேள்வி போனால், பொருந்தும் சரக்குகள் வரிசையாக வரும். கூடவே ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை உண்டு என்ற எண்ணிக்கையும் வரும். பட்டையில் ‘புழுங்கல் (12), பச்சரிசி (5)’ என்று தெரிவது அப்படி வந்த கணக்கு. இதற்கான மென்பொருளுக்குத் தட்டுப்பாடு இல்லை. அப்பாச்சி சோலர், டைப்சென்ஸ் போன்றவை காசு கொடுக்காமலே கிடைக்கின்றன. ஷாப்பிஃபையிலும் வூகாமர்ஸிலும் கடை போட்டவர்களுக்கு இந்த வசதி கையோடு வந்துவிடுகிறது. சிக்கல் அங்கே இல்லை. ‘தீட்டாதது’ என்ற கட்டத்தை வாங்குகிறவர் தொட்டதும், அந்தக் கட்டத்தில் ‘ஆம்’ என்று நிரப்பப்பட்ட பொருட்கள் மட்டுமே திரையில் நிற்கும். திருவாரூர்ப் பக்கத்து உழவர் குழு ஒன்று அதே தகவலைப் பொருள் விளக்கத்தின் நான்காவது வரியில் அழகான தமிழில் எழுதி வைத்திருக்கலாம். ஃபில்டர் அந்த வரியைப் படிக்காது. ‘இந்த அரிசியைப் பற்றித் தெரியவில்லை’ என்றும் சொல்லாது. சத்தமில்லாமல் அதை வெளியே தள்ளிவிடும். எண்ணிக்கையிலும் அது சேராது. அப்படியோர் அரிசி விற்பனைக்கு இருப்பதே வாங்குகிறவருக்குத் தெரியப்போவதில்லை.

விற்பவர்களுக்கு இது அனுபவத்தில் புரிந்திருக்கிறது. அதனால்தான் கட்டத்தில் இருக்க வேண்டியதையெல்லாம் தலைப்பில் திணிக்கிறார்கள்: ‘மாப்பிள்ளை சம்பா அரிசி ரெட் ரைஸ் ஆர்கானிக் கைக்குத்தல் டயாபடிக் ஹெல்தி பாய்ல்டு 1 கிலோ.’ இது மொழியறியாமையால் வந்த தலைப்பு அல்ல, தேடுபெட்டிக்கு வீசிய தூண்டில். எல்லோரும் இதே தூண்டிலைப் போடத் தொடங்கியதும் தலைப்புக்கு மதிப்புப் போய்விட்டது. கைக்குத்தலே இல்லாத அரிசியின் தலைப்பிலும் கைக்குத்தல் வந்து உட்கார்ந்துகொண்டது. உண்மையில் உரலில் குத்தி அனுப்புகிறவருக்கு, அதைச் சொல்வதற்கென்று தனியாக ஓர் இடம் இல்லாமல் போனது.

ஒருவர் எத்தனை வகையாகப் பிரித்து வாங்குகிறாரோ அத்தனை வகைக்குத்தான் வயலில் இடம் இருக்கும் என்பதற்கு டெல்டாவில் வேறு சான்று தேட வேண்டாம். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் நெல்லை இரண்டாகத்தான் பிரிக்கின்றன: சன்ன ரகம், பொது ரகம். 2025-26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து முன்னதற்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பின்னதற்கு 2,500 ரூபாய். பிறகு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா, பதரும் கலப்பும் எவ்வளவு என்ற சோதனை, அவ்வளவுதான். கோடிக்கணக்கான குடும்ப அட்டைகளுக்கு அரிசி சேர்க்க வேண்டிய அமைப்பை இதற்காகக் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டே கட்டம் உள்ள இடத்தில் மூன்றாவது குணத்துக்கு விலை கிடையாது. ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நின்ற மாப்பிள்ளைச் சம்பாவும், மட்டமான மோட்டா நெல்லும் ஒரே குவியலில் ஒரே விலைக்குப் போய்ச் சேரும். பழைய ரகங்கள் அருகிப்போனதற்குக் கொள்முதல் முறையே முதல் காரணம் என்று சொன்னால் அது மிகை. 1960-ல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தது. பின்னாலேயே மற்ற ரகங்கள் வந்தன. விளைச்சல்தான் உழவரை மாற்றியது. கொள்முதல் நிலையத்தின் இரண்டு கட்டங்கள் அந்த மாற்றத்திலிருந்து திரும்பும் வழி இல்லாமல் செய்தன.

திரும்பும் வழியைத் தேடியவர்கள் வேறு திசையிலிருந்து வந்தார்கள். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006 முதல் நடந்துவரும் நெல் திருவிழாவில், இரண்டு கிலோ விதைநெல் வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. இயற்கை வேளாண்மை முன்னோடி நம்மாழ்வாரின் வழியில் வந்த நெல் ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைவதற்குள் 174 பாரம்பரிய ரகங்களை இப்படிச் சேர்த்துப் பரப்பினார். அவர் பெயரிலேயே மாநில அரசு 2021-22 முதல் மரபுசார் நெல் ரகங்கள் பாதுகாப்பு இயக்கத்தை நடத்துகிறது. ஆக, விதை திரும்பி வந்துவிட்டது. விளைவிக்க ஆட்களும் இருக்கிறார்கள். விளைந்த பிறகு அது எங்கே போய் நிற்பது என்ற இடத்தில்தான் தடுக்குகிறது. கொள்முதல் நிலையத்தில் அதற்குத் தனிக் கட்டம் இல்லை, சரி. தனிக் கட்டம் போடப் பத்துக் காசு செலவில்லாத இணையக் கடையிலும் இல்லை என்பதுதான் விநோதம்.

பாஸ்மதியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். பெரும்பாலான இணையக் கடைகளில் பாஸ்மதிக்கென்று தனிப் பிரிவு உண்டு, அதற்குள் உட்பிரிவுகளும் உண்டு. இது சந்தை தானாகச் செய்ததல்ல. எவையெவை பாஸ்மதி ரகங்கள் என்று விதைச் சட்டத்தின் கீழ் அறிவிக்கை உண்டு. 2016-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2023-ல் பாஸ்மதிக்குத் தனித் தரநிலை கொண்டுவந்து, அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் நடைமுறைப்படுத்தியது. அரிசியின் சராசரி நீளம், சமைத்த பின் அது நீளும் விகிதம், இயற்கையான மணம், ஈரப்பதம் என்று ஒவ்வொன்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. கலப்படத்தைக் கண்டுபிடிக்க மரபணுச் சோதனை வசதியும் இருக்கிறது. ஒரு பொருளின் அடையாளத்தை யாரோ உட்கார்ந்து கட்டம் கட்டமாக எழுதி வைத்ததால்தான் அது ஃபில்டரில் ஏறியது. நம் பக்கம் ‘பொன்னி’ என்ன ஆனது என்று பாருங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-ல் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி ஒரு ரகம். ஆந்திரத்தின் பாபட்லாவில் பிறந்த பிபிடி 5204 இன்னொரு ரகம். அது இங்கே ‘ஆந்திரா பொன்னி’யாக விற்கிறது. இன்று பொன்னி என்பது கிட்டத்தட்ட ‘சாப்பாட்டு அரிசி’ என்பதற்கான பொதுப்பெயர். பொட்டலப் பொருட்களுக்கான 2011-ன் எடையளவு விதிகளும் பொருளின் பொதுப்பெயர், எடை, விலை, தயாரித்தவர் முகவரி போன்றவற்றைத்தான் கேட்கின்றன. ‘அரிசி’ என்று போட்டால் போதும். எந்த நெல்லின் அரிசி என்று சொல்லும் கட்டாயம் அவற்றில் இல்லை.

ஃபில்டரை விட்டுவிட்டு நேரே பெயரை எழுதித் தேடலாமே என்றால், அங்கும் தடைதான். மாப்பிள்ளைச் சம்பா என்று ஒற்றுப் போட்டு எழுதுகிறவர் உண்டு, போடாதவர் உண்டு, இரண்டு சொல்லையும் ஒட்டி எழுதுகிறவர் உண்டு. ஆங்கில எழுத்தில் தட்டும்போது ஒரு ‘பி’யா இரண்டு ‘பி’யா என்பது அவரவர் விருப்பம். கவுனி ஒருவருக்குக் கருப்பு, இன்னொருவருக்குக் கறுப்பு. காட்டுயானம் ஓரிடத்தில் ஒரே சொல், மற்றோரிடத்தில் இரண்டு சொல். மனிதருக்கு இதெல்லாம் ஒன்றுதான். எந்திரத்துக்கு ஒவ்வொன்றும் வேறு எழுத்துத் தொடர். எழுத்துப் பிழையைத் தாராளமாகப் பொறுத்துக்கொள்ளும்படி அமைத்தால், கருங்குறுவை தேடியவருக்குக் குறுவை என்ற பெயருள்ள எல்லாம் வந்து கொட்டும். கறாராக அமைத்தால் சரியாக எழுதியவருக்கே வெறும் திரை கிடைக்கும். இதற்குத் தீர்வு ஒன்றும் பெரிய கணினி வித்தை இல்லை. ஒவ்வொரு ரகத்துக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்குக் கீழே அந்த ரகத்தின் எல்லா எழுத்து வடிவங்களும், வட்டாரப் பெயர்களும். நூறு கடைகள் தனித்தனியே நூறு பட்டியல் போடுவதைவிட, ஆடுதுறையில் இருக்கும் நெல் ஆராய்ச்சி நிலையம் ஒரே ஒரு பட்டியலைப் போட்டுத் தருவது சிக்கனம். 1922 முதல் நெல்லையே ஆராய்ந்துவரும் அந்த நிலையத்தைவிட இதற்குத் தகுதியான இடம் வேறில்லை.

திறந்த வலையமைப்பு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. மத்திய அரசின் முயற்சியால் உருவான அப்படியொரு வலையமைப்பான ஓஎன்டிசி 2022-ல் சோதனை ஓட்டம் தொடங்கியபோது அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. வாங்குகிறவர் ஒரு செயலியில் இருப்பார், விற்பவர் வேறொன்றில் இருப்பார், நடுவே பொது நெறிமுறை ஓடும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். நாட்டில் பதிவான 8,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் சுமார் 5,000 நிறுவனங்கள் அதில் சேர்ந்துவிட்டதாக 2024 தொடக்கத்தில் அரசு அறிவித்தது. சேர்வது ஒன்று, கண்ணில் படுவது வேறு. கூகுளின் பொருள்தேடல் வழக்கில் 2017-ல் ஐரோப்பிய ஆணையம் 242 கோடி யூரோ அபராதம் விதித்தபோது வெளியிட்ட கணக்கு இது: கணினித் திரையில் முதல் பக்கத்தின் பத்து முடிவுகளுக்கே ஏறத்தாழ 95 சதவீதச் சொடுக்குகள் போகின்றன, இரண்டாம் பக்கத்தின் முதல் முடிவுக்குக் கிடைப்பது ஒரு சதவீதம்தான். கூகுள் மேல்முறையீடு செய்தும் 2024 செப்டம்பரில் அந்த முடிவு நிலைத்துவிட்டது. காவிரியில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் கடைமடைக்குப் போகுமா என்பதை இடையிலுள்ள மதகுகள் முடிவு செய்வது மாதிரி, ஐயாயிரம் கடை திறந்தாலும் எது கண்ணில் படும் என்பதைத் தேடலும் வரிசையும்தான் முடிவு செய்கின்றன. திறந்த வலையமைப்பில் இது இன்னும் கூர்மையாகிறது. விற்கும் செயலி ‘தீட்டாதது’ என்று ஒரு கட்டம் வைத்து, வாங்கும் செயலிக்கு அந்தக் கட்டமே தெரியாவிட்டால், தகவல் பாதி வழியில் உதிர்ந்துபோகும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. ரக எண், அறுவடைப் பருவம், பச்சையா புழுங்கலா, எவ்வளவு தீட்டியது, அரவைத் தேதி, விளைந்த வட்டம் என்று ஆறேழு கட்டங்களை முதலில் முடிவு செய்ய வேண்டும். ரக எண்ணைச் சொன்னாலே அரிசியின் நிறம், நீளம், வயது, எதற்கு ஏற்றது என்பதெல்லாம் பொது அட்டவணையிலிருந்து தானே வந்து நிரம்ப வேண்டும். கட்டங்களைப் புதிதாகக் கண்டுபிடிக்கவும் தேவையில்லை. 1.3 லட்சத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைக் காக்கும் பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் பிற அமைப்புகளும் சேர்ந்து நெல்லின் குணங்களை விவரிப்பதற்கான அளவுகோல்களை 2007-லேயே வெளியிட்டிருக்கின்றன. அரவையையும் அவித்தலையும் பற்றிச் சொல்ல தஞ்சாவூரிலேயே நிஃப்டெம் இருக்கிறது. நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகப் பிறந்த நிறுவனம் அது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வலைத்தளத்தில் பாரம்பரிய ரகங்களைப் பற்றிய தகவல் ஏற்கெனவே கிடக்கிறது, ஆனால் படிக்கும் பக்கமாக. ஒரு மென்பொருள் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் வடிவில் இல்லை. இந்த அட்டவணையைத் திறந்த ஏபிஐயாக வைத்தால், கும்பகோணத்துச் சிறு கடையின் வலைத்தளமும், பெரிய நிறுவனமும், ஓஎன்டிசி செயலியும், சிங்கப்பூரில் அரிசி இறக்கும் வியாபாரியும் அதே கட்டங்களைக் கொண்டு கேட்கலாம். பிரான்சில் 2012-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் உணவுப் பொட்டலங்களுக்கு இப்படியொரு பொதுத் தரவுத்தளத்தைக் கட்டி, இன்று உலகெங்கும் பயன்படும்படி திறந்து வைத்திருக்கிறது.

அரசு இதில் ஏன் தலையிட வேண்டும், தேவையிருந்தால் சந்தையே செய்துகொள்ளாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பெரிய தளம் ஒன்றுக்கு இதில் என்ன ஆதாயம்? அதன் வருமானத்தில் கணிசமான பங்கு, தேடல் முடிவுகளின் மேல் வரிசையில் இடம் பிடிக்க விற்பவர்கள் கட்டும் விளம்பரப் பணம். குணத்தால் பிரித்துத் தேடத் தெரிந்த வாங்குநர் அந்த விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுவார். சிறு விற்பனையாளருக்கு ஆதாயம் உண்டு, ஆனால் தனியாகச் செய்யத் திராணி இல்லை. ஒருவர் செலவு செய்து இந்த அட்டவணையைப் போட்டால் பலன் எல்லோருக்கும் போகும் என்பதால் யாரும் தொடங்க மாட்டார்கள். இப்படிப்பட்ட இடத்தில் தமிழ்நாட்டு அரசு முன்பு என்ன செய்தது என்பதற்கு உழவர் சந்தை நல்ல முன்னுதாரணம். 1999 நவம்பரில் மதுரையில் முதல் சந்தை திறந்தபோது அரசு காய்கறி விற்க உட்காரவில்லை. இடம் கொடுத்தது, தராசு கொடுத்தது, அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டது. விற்றவர்கள் உழவர்கள். இணையத்துக்கு அந்தத் தராசும் பலகையும் இன்னும் வரவில்லை. அதற்குப் பதிலாக ஆண்டுக்கொரு விற்பனைத் தளம் அறிவிக்கப்படுவதைத்தான் பார்க்கிறோம்.

ஃபில்டரை அரசு விதியில் எழுதுவது விபரீதமாகத் தோன்றலாம். ஆனால் அது ஏற்கெனவே நடக்கத் தொடங்கிவிட்டது. இறக்குமதிப் பொருட்களை விற்கும் இணையத் தளங்கள், எந்த நாட்டில் தயாரானது என்பதைத் தேடவும் வரிசைப்படுத்தவும் ஃபில்டர் வைக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2025 நவம்பரில் வரைவு விதி வெளியிட்டது. தகவல் எங்கோ ஒரு மூலையில் எழுதப்பட்டிருந்தால் போதாது, தேடக் கிடைக்க வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் இதைப் பார்க்கிறேன். முடிவுகள் எந்த அடிப்படையில் வரிசையாகின்றன என்பதை எளிய மொழியில் விளக்க வேண்டும் என்று 2020-ன் மின்வணிக நுகர்வோர் விதிகளும் தளங்களுக்குச் சொல்லியிருக்கின்றன. அந்த விளக்கத்தைத் தேடிப் போய்ப் படித்தவர் எத்தனை பேரோ.

‘கட்டத்தில் பொய் எழுதினால்?’ என்பது இவற்றையெல்லாம்விட வலுவான மறுப்பு. எழுதத்தான் செய்வார்கள். தலைப்பில் எழுதுகிறவர் கட்டத்திலும் எழுதுவார். ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. தலைப்பில் உள்ளது விளம்பரம், கட்டத்தில் உள்ளது உறுதிமொழி. பின்னதை வைத்து நுகர்வோர் நீதிமன்றத்தில் நிற்பது எளிது. தவிர, கட்டங்கள் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும். காட்டுயானம் ஏறத்தாழ ஆறு மாத நெல். அதைக் ‘குறுவை அறுவடை’ என்று ஒருவர் பதிந்தால், நான்கு மாதத்துக்குள் முடியும் பருவத்தில் அது எப்படி விளைந்தது என்று அட்டவணையே திருப்பிக் கேட்கும். பூங்கார் என்று பதிந்து கறுப்பு அரிசியின் படத்தைப் போட்டாலும் அப்படித்தான். எல்லாப் பொய்யையும் இது பிடித்துவிடாது. வெள்ளைப் பொன்னிக்கும் பிபிடிக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் மட்டுமே பார்த்துச் சொல்வது எல்லோராலும் முடியாது. அதற்கு பாஸ்மதிக்கு உள்ளது போல ஆய்வகச் சோதனை வேண்டும், அதற்குச் செலவாகும். ஆனால் எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிவதற்கே முதலில் ஒருவர் எதையாவது திட்டவட்டமாகச் சொல்லியிருக்க வேண்டும். இதோடு இன்னொன்று. சர்க்கரை நோய்க்கு நல்லது, பெண்களுக்கு உகந்தது என்பது போன்ற மருத்துவப் பேச்சுக்கு இந்தக் கட்டங்களில் இடமே கொடுக்கக் கூடாது. பாரம்பரிய அரிசி வியாபாரத்தின் நம்பகத்தன்மையை அதிகம் கெடுத்தது அந்தப் பேச்சுத்தான். உணவு விளம்பரக் கூற்றுகளுக்கென்று 2018-ல் வந்த ஒழுங்குமுறைகளே அதைக் கவனித்துக்கொள்ளட்டும்.

கட்டம் நிரப்ப உழவர் குழுக்களுக்கு நேரமும் ஆளும் ஏது என்றும் கேட்பார்கள். ரக எண் ஒன்றைத் தேர்ந்தால் பாதி வேலை முடிந்துவிடும் என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான். மிச்சமிருப்பது அரவை மில்லிலிருந்து சரக்கு வரும்போது எப்படியும் தெரிந்திருக்கிற நான்கைந்து தகவல். அதைத் தமிழில், கைப்பேசியில், சொடுக்கிப் போகும்படி அமைக்க முடியாதா என்ன? 2018-ல் வந்த உழவன் செயலியையே உழவர்கள் பழகிக்கொண்டார்கள். வாங்குகிறவர்களை இத்தனை கட்டம் குழப்பிவிடும் என்ற பயத்துக்கும் இடமில்லை. ஏபிஐ எல்லாக் கட்டங்களையும் வைத்திருக்கும். எதைத் திரையில் காட்டுவது என்பதைக் கடை முடிவு செய்துகொள்ளும். சாதாரணச் சாப்பாட்டு அரிசி தேடுகிறவருக்குப் பழசா புதுசா என்ற ஒரே கேள்வி போதும்.

அரசுத் தளங்கள் தொடங்கும் வேகத்தில் செத்தும் போகின்றன என்பதை மறுக்க மாட்டேன். அதனால்தான் தளம் வேண்டாம் என்கிறேன். அட்டவணையை யாரும் பதிவிறக்கிக்கொள்ளும் கோப்பாகவும் வெளியிட வேண்டும். நகல் எடுக்க, திருத்திப் பயன்படுத்த, அதை வைத்து வியாபாரம் செய்ய உரிமமும் தர வேண்டும். நாளைக்கு அரசு சர்வர் படுத்துவிட்டாலும் நகல்கள் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பாரம்பரிய ரகங்களின் பெயரும் குணமும் உழவர்களின் சொத்து. பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2001-லேயே உழவர் ரகங்களைப் பதிவு செய்ய வழி கொடுத்திருக்கிறது. பொது அட்டவணையின் எண்கள் அந்தப் பதிவோடு இணைந்திருந்தால், ‘கவுனி’ என்ற பெயரை எவரும் வணிகச் சின்னமாக வளைத்துக்கொள்வது கடினமாகும்.

கடைசியாக, டெல்டாவின் நெல்லில் இணையம் வழியாகப் போவது எத்தனை பங்கு என்று கேட்டால், சொற்பம்தான். பெரும்பகுதி கொள்முதல் நிலையத்துக்கும் மில்லுக்கும் போகிறது, இனியும் போகும். மழையில் நனையும் மூட்டைக்கும், தாமதமாகும் பணத்துக்கும், மேட்டூர் அணைத் திறப்புக்கும் எந்த ஏபிஐயும் பதில் சொல்லாது. சிஆர் 1009 ரக நெல் போட்டுக் கொள்முதல் நிலையத்தில் வரிசையில் நிற்பவருக்கு இந்தக் கட்டுரையால் ஒரு ரூபாய்கூடக் கூடப்போவதில்லை. ஆனால் அவரே ஓர் ஏக்கரில் தூயமல்லியோ சீரகச் சம்பாவோ போட்டுப் பார்க்கலாமா என்று யோசிக்கும்போது அவரைத் தடுப்பது விளைச்சல் குறைவு மட்டும் அல்ல. விளைந்ததை அதன் பெயரில், அதன் விலையில் வாங்க ஆள் கிடைப்பாரா என்ற சந்தேகமும்தான். சென்னையிலும் பெங்களூருவிலும் அந்த ஆள் இருக்கிறார், தேடிக்கொண்டும் இருக்கிறார். ஆடுதுறையும் நிஃப்டெமும் வேளாண் துறையும் முதலில் ஐம்பது ரகங்களோடு தொடங்கினால்கூடப் போதும். சம்பா அறுவடை பொங்கலை ஒட்டி வருகிறது. ஐம்பது வரியும் ஆறேழு கட்டமும் கொண்ட ஓர் அட்டவணையை அதற்குள் முடிக்க முடியாது என்று எந்தத் துறையும் சொல்ல முடியாது.